சைலன்சரிலிருந்து தொடங்குங்கள்

விழுப்புரம் அரசு ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, சொந்த ஊரான கெடாருக்கே திரும்பி, வீட்டு வாசலில் தொழிலைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? முதல் வேலையாகக் கார் சைலன்சரைக் கையில் எடுங்கள். ஆயில் மாற்ற எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் நம்பிக் கடை போட முடியாது. எடுத்த எடுப்பில் பிரேக், ஸ்டியரிங் பக்கம் போனால் நீங்கள் செய்யும் பிழை அடுத்தவர் உயிரில் போய் முடியும். சைலன்சரில் பிழை இருந்தால் பெரும்பாலும் அது சத்தம் போட்டே காட்டிக்கொடுத்துவிடும். துருவேறிய நட்டை முறிக்காமல் கழற்றும் கைப்பழக்கமும் இந்த வேலையில்தான் வரும். அது வந்துவிட்டால் வண்டியின் மற்ற எந்த மூலைக்கும் பயமில்லாமல் போகலாம்.

வேலை வருமா என்ற சந்தேகம் வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வெளியேறுகிறது. வண்டி தூரம் ஓடினால் குழாய் முழுக்கச் சூடாகி ஆவி வெளியே போய்விடும். பக்கத்துக் காணை வரை போய் உர மூட்டையை ஏற்றிக்கொண்டு திரும்பும் வண்டியில் பின்னால் இருக்கும் சைலன்சர் டப்பா சூடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறார்கள். ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தேங்குகிறது. புகையின் அமிலமும் அதில் கரைகிறது. அதனால்தான் சைலன்சர் உள்ளிருந்து வெளிப்பக்கமாக அரிக்கிறது. வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் பொத்தென்று கேட்கும்.

இந்த மாவட்டத்துக்கென்று வேறு காரணங்களும் உண்டு. மரக்காணம் உப்பளக் காற்றில் நிற்கும் வண்டிகள் வெளிப்பக்கமும் அரித்து வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது; மாவட்டம் முழுக்க வண்டிகள் தண்ணீரில் நின்றன. வெள்ளம் பின்குழாய் வழியாக ஏறினால் சேறும் கூடவே ஏறும். டப்பாவின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் சின்ன ஓட்டையை அந்தச் சேறு அடைத்துவிடும். பழைய கார் வாங்கப் போகும் நண்பர் உங்களைத் துணைக்குக் கூப்பிட்டால், முதலில் பின்குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். கரிக்குப் பதில் காய்ந்த வண்டல் வந்தால் அந்த வண்டி வெள்ளத்தைப் பார்த்திருக்கிறது.

சரி, வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். கேளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் மேனிபோல்டு கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். வேகத்தடையில் மட்டும் 'டங்' என்றால் சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் அறுந்திருக்கும். அடியில் கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோல் சத்தம் வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உள்பாகம் உடைந்திருக்கலாம். ரப்பர் அறுந்ததற்கு முழு சைலன்சரையும் மாற்றச் சொல்லிச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரவு ஒருமுறைதான். விஷயம் சூரப்பட்டு வரை பரவ ஒரு சந்தை நாள் போதும்.

காருக்குள் புகை வாடை வருகிறது என்று யாராவது சொன்னால் அந்த வண்டிக்குத்தான் முதலிடம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம், அதோடு சரி. உங்கள் கொட்டகைக்கும் இது பொருந்தும். மழைக்குத் தார்ப்பாய் கட்டி நாலு பக்கமும் அடைத்துவிட்டு உள்ளே எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

பொருளை வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. தயாரிப்பு ஆண்டு, பெட்ரோலா டீசலா, பிஎஸ் 4-ஆ 6-ஆ என்பதெல்லாம் சொன்னால்தான் ஃப்ளாஞ்சு பொருந்தும். விழுப்புரத்தில் கிடைக்காதது சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், பழைய லைட் வாங்கலாம். பழைய சைலன்சர் மட்டும் வேண்டாம். அதன் உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை வாங்குகிறவரும் பார்க்க முடியாது, விற்கிறவரும் பார்த்திருக்க மாட்டார். கேஸ்கெட், நட்டு, போல்ட், ரப்பர் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள். கழற்றிய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டால் வாரத்துக்குள் அதே வண்டி அதே சத்தத்தோடு வந்து நிற்கும்.

முந்தின நாள் மாலையே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். இந்த வேலையின் பாதி அந்த ஒரு இரவில் நடக்கிறது. மறுநாள் எஞ்சின் முழுக்க ஆறியபிறகு, சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கம்பெனி குறித்திருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, உடனே இரும்பு ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் அடுக்குவதும் கூடாது. அது விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை, ஒரே நொடியில் நொறுங்கும். முதல் காசில் முதலில் வாங்க வேண்டியது நல்ல ஸ்டாண்டு ஒரு ஜோடி. சாக்கெட் செட்டெல்லாம் அப்புறம்தான். துரு கண்ணில் கொட்டும் வேலை என்பதால் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆக்சிஜன் சென்சாரின் வயரை அதன் கிளிப்பில் கழற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. குழாயைக் கம்பியால் கட்டித் தாங்கவிட்டபிறகுதான் ஃப்ளாஞ்சு நட்டுக்கு வர வேண்டும். இறுகிய நட்டை ஒரேயடியாக இடப்பக்கம் நெம்பாதீர்கள். முதலில் இம்மி அளவு முறுக்குகிற பக்கமே திருப்பினால் துருவின் பிடி விடும், பிறகு கழற்றுங்கள். அசையவில்லையென்றால் மறுபடி ஸ்ப்ரே, மறுபடி பொறுமை. ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் கொக்கியிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். கிரைண்டரால் அறுத்தே தீர வேண்டும் என்றால் பெட்ரோல் டேங்கும் அதன் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். டேங்க் அருகே வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

புதியதை மாட்டும்போது பலரும் ஒவ்வொரு மூட்டையும் முழுக்க முறுக்கிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் பின்குழாய் பம்பரில் இடிக்கும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, ரப்பரில் தொங்கவிட்டு, டேங்க், பிரேக் குழாய், பாடி எதிலும் தொடாமல் இடைவெளி இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தபிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி முறுக்கிக்கொண்டு வாருங்கள். வெப்பத் தகடு துருவேறியிருந்தால் கிள்ளி எறியாதீர்கள்; காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தும் ஊர் நம்முடையது.

சென்சார் வயரையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஈரத்துணியால் பின்குழாயைச் சில நொடிகள் மட்டும் லேசாக மறைத்துப் பிடித்தால் கசியும் மூட்டு 'உஸ்' என்று சொல்லிவிடும். முதல் சூட்டில் புதுக் குழாயின் எண்ணெய் புகையும். வாடிக்கையாளர் பதறாமல் இருக்க முன்பே சொல்லிவைப்பது நல்லது.

மேனிபோல்டின் ஸ்டட் முறிந்த வேலையையும், பிஎஸ் 6 டீசலின் புகை வடிகட்டியையும் தொடக்கத்தில் தொடாதீர்கள். விழுப்புரத்துக்கு அனுப்பிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மெக்கானிக்கிடம்தான் மறுபடியும் வண்டி வரும்.

சில பேச்சுகள் கட்டாயம் உங்கள் காதுக்கு வரும். "அண்ணே, கேட்ட எடுத்துட்டு வெறும் பைப்ப வச்சுடுண்ணே, மைலேஜ் ஏறும்னு சொல்றாங்க." மறுத்துவிடுங்கள். கேட் என்று அவர்கள் சொல்வது கேட்டலிடிக் கன்வெர்ட்டரை. அதற்குள் இருப்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. அதை எடுத்தால் நச்சுப்புகை அப்படியே வெளியேறும், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும், புகைச் சான்று கிடைப்பதும் சிக்கலாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவுப்படி, சத்தம், புகை விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பைக்கைக் கொண்டுவந்து "சத்தம் வர்ற மாதிரி கட் பண்ணிக் குடுண்ணே" என்று கேட்கும் தம்பிக்கும் இதே பதில்தான். அவன் கோபித்துக்கொண்டு போகட்டும்.

இனி வரவு. சைலன்சர் வேலைக்கு நம்பகமான வாடிக்கை வாடகை வண்டிகள். புது வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி என்னும் தகுதிச் சான்று, அதற்குப்பிறகு ஆண்டுதோறும். விழுப்புரம் டிஎன் 32 ஆனாலும் திண்டிவனம் டிஎன் 16 ஆனாலும், எஃப்சிக்குப் போகுமுன் ஓட்டுநர் சைலன்சரை ஒரு பார்வை பார்க்கச் சொல்வார். ஒவ்வொரு வண்டியின் எஃப்சி தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஒரு மாதம் முன்னால் போன் போடுங்கள். அந்த நோட்டுதான் உங்களுக்கு விளம்பரப் பலகை.

கூலியை வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் சொல்லாதீர்கள். "நட்டு வந்தா இவ்ளோ, முறிஞ்சா இவ்ளோ" என்று இரண்டு தொகையாக முன்பே பேசிவிட்டால் பிறகு தகராறு இல்லை. வெல்டிங்கை வெளியே கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்றால் ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் படிப்பு இருக்கிறது. எட்டாவது தேறிய தம்பியைச் சேர்த்துவிட்டுக் கூட்டாகத் தொழில் செய்யலாம். கடையைப் பெரிதாக்கும்போது சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, தரகரும் தேவையில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மதிப்பீடு போடலாம். ஊர்ப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பிற்பட்டோர், பட்டியல் இனத்தவர் உள்ளிட்டோருக்கு 35 சதவீதமும் மானியம். விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். ஆனால் முதல் ஆண்டிலேயே லிஃப்ட் வாங்கக் கடன் எடுப்பது என் பார்வையில் அவசரம். தரையில் மல்லாந்து படுத்துச் செய்த வேலையில் வாடிக்கை சேரட்டும், பிறகு பார்க்கலாம்.

கழற்றிய பழைய சைலன்சரை, முக்கியமாகக் கேட் இருக்கும் குழாயை, கேட்பதற்கு முன்பே வாடிக்கையாளரின் டிக்கியில் வைத்துவிடுங்கள். அந்தப் பூச்சுக்காகவே மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சர்கள் பல மாநிலங்களில் திருடு போயிருக்கின்றன. காயலான் கடையில் அதற்கு என்ன விலை என்பது அவருக்கும் ஒருநாள் தெரியவரும். சில நாள் ஓட்டியபிறகு வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, சூட்டில் தளர்ந்திருக்கும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிக்கொடுங்கள். அதற்குக் காசு வாங்க வேண்டாம்.