வெள்ளையணு வழியறிவது எவ்வாறு?

முள் தைத்த இடத்தில் சில மணி நேரத்திற்குள் இரத்த வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. அவற்றுக்குக் கண்ணுமில்லை, காலுமில்லை. எனினும் திசை தவறுவதில்லை. அது எப்படி என்பதற்கான விடையின் பெரும்பகுதியை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது, மண்ணில் வாழும் ஓர் அமீபாவிடமிருந்து.

டிக்டியோஸ்டீலியம் என்பது அதன் பெயர். (வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் அமீபா வேறு, இதனால் நமக்குத் தீங்கில்லை.) 1930களில் கென்னத் ரேப்பர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வட கரோலினாக் காட்டிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பாக்டீரியாக்களைத் தின்று தனித்து வாழும் இவ்வுயிரிகள், இரை தீர்ந்ததும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் வேதிப்பொருளைச் சுரந்து ஒன்றையொன்று அழைத்துக் கூடுகின்றன.

அழைப்பு வரும் திசையை உணர்த்துபவை செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதங்கள். இரு முனைகளுக்கிடையே அவ்வேதிப்பொருளின் அளவு சில விழுக்காடு வேறுபட்டாலே போதும். கூடுதலாக உள்ள பக்கத்தில் மட்டும் ராஸ் என்னும் புரதம் செயல்படத் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து ராக் புரதம் இயங்குகிறது. உடனே அங்கு ஆக்டின் இழைகள் கிளைகிளையாக வளர்ந்து செல்லுறையை முன்னே தள்ளுகின்றன. அதுவே பொய்க்கால். பின்புறத்தில் மயோசின் இழைகள் சுருங்கி, எஞ்சிய உடலை இழுத்துக்கொள்கின்றன. முன்புறச் சமிக்ஞை பின்புறம் எழாதவாறு தடுப்பது பிடென் என்னும் புரதம். புற்றுநோய்ப் பரிசோதனை அறிக்கைகளில் இப்பெயரைக் கண்டவர் இருக்கலாம்; இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நம் நியூட்ரோஃபில் வெள்ளையணுவும் ஏறத்தாழ இவ்வாறே, நிமிடத்திற்குத் தன் உடல் நீளமளவு தவழ்கிறது. இதில் ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும்? 2000ஆம் ஆண்டில் ஒரு பச்சிளங்குழந்தையைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. அதன் இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் மிகுதியாகவே இருந்தன. ஆயினும் புண்கள் ஆறவில்லை, சீழும் கட்டவில்லை. ராக்2 புரதத்துக்குரிய மரபணுவில் ஏற்பட்ட ஒரேயொரு மாற்றத்தால் அவ்வணுக்களால் நகர இயலவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே அக்குழந்தையைக் காத்தது.

கீமோதெரபி பெறுவோரிடம் நிலைமை வேறு: அணுக்களின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு இக்குறைவு 7 முதல் 14 நாட்களுக்குள் உச்சமடையும். ஆனால் வெளியே தெரிவது ஒன்றே. கிருமித் தொற்று இருந்தும் சிவப்போ வீக்கமோ சீழோ தோன்றாமல் போகலாம். ஏனெனில் சீழ் என்பதே பெரும்பாலும் வந்து மடிந்த நியூட்ரோஃபில்கள்தாம். “புண் எதுவும் இல்லையே, நாளைக் காலை பார்க்கலாம்” என்று வீட்டார் எண்ணுவது இதனால்தான் ஆபத்தாகிறது.

அந்நாட்களில் காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கக்கூடும். வெப்பமானியில் 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நள்ளிரவாயினும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். கடைசியாகக் கீமோதெரபி பெற்ற தேதியை முதலில் சொல்லுங்கள்.