வெளிநாட்டில் மருத்துவக் கல்வி

பிள்ளைகளை மருத்துவம் பயிலக் கடல் கடந்து அனுப்ப எண்ணும் பெற்றோர் முதலில் ஆராய வேண்டியது கட்டணமன்று, பட்டத்தின் தகுதியேயாகும்.

1996-ஆம் ஆண்டில் பினாங்கு மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதன் மாணவர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இரண்டரை ஆண்டு பயின்றபின், பினாங்கில் மருத்துவமனைப் பயிற்சி பெறும் முறை ஏற்பட்டது. இதனால் பாதிப் படிப்பு தாயகத்திலேயே நிறைவுறும்.

எந்நாட்டில் பயின்றாலும் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். இன்றேல் இங்குத் தனித்தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கும்.

நான்காம் படிவத்திலேயே உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களைத் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாதது. கணிதத்திலும் சிறந்த தேர்ச்சி தேவை.

ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்குமுன், முகவருக்கு முன்பணம் கொடுக்குமுன், மன்றத்தின் பட்டியலைப் பார்த்தறிக. பால்மரம் வெட்டிச் சேர்த்த பொருள் வீணாகலாகாது.