ஸ்டூல் வந்தது, யாரும் உட்காரவில்லை

சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. 2022-இன் தொடக்கத்தில் அதன் மூன்றாவது மாடிக்குப் பதினான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. பட்டு செக்‌ஷன் ஆட்கள் அவற்றை எண்ணினார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், தூணுக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த மூன்று வாரம் அந்த ஸ்டூல்களில் உட்கார்ந்தவை, பிரித்துப்போட்டு மடிக்க நேரமில்லாமல் கிடந்த சேலைகள் மட்டும்தான்.

பட்டு செக்‌ஷனில் சேலை விற்கும் ஒரு பெண், அந்த மாடியில் எல்லோருக்கும் ‘அக்கா’. சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2003-இல், பதினெட்டு வயதில், சித்தப்பா மகன் கையில் கொடுத்தனுப்பிய ஒரு துண்டுச் சீட்டோடு எழும்பூரில் வந்து இறங்கியவர். ஸ்டூல் வந்த அன்று அவருக்கு நின்று பத்தொன்பது வருடம். காலையில் கடை திறக்கும்போது பாதம் தரையில் படும். இரவு கடையின் ஹாஸ்டலுக்குப் போய்த்தான் அது தரையை விட்டு எழும்பும். சாப்பாட்டு நேரம் அரை மணி, அதில் மெஸ் வரிசையில் நிற்பது பத்து நிமிடம். முப்பது வயதுக்குள்ளேயே கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. அதைச் செக்‌ஷனில் யாரும் நோயென்று நினைத்ததில்லை. “சீனியர் ஆயிட்ட” என்று கிண்டல் செய்வார்களாம்.

ஸ்டூல் தானாக வரவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டினது. வேலை நேரம், வார விடுமுறை, மிகைநேரச் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. உட்காருவதைப் பற்றி எதுவும் இல்லை. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அதன்படி சேர்ந்தது 22-ஏ பிரிவு. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். இதுதான் அதன் சாரம். அந்த ‘வாய்ப்பு’ எப்போது கிடைத்தது என்று யார் சொல்வது என்பதில்தான் மிச்சக் கதை முழுவதும் இருக்கிறது.

நமக்கு முன்னால் 2018-இல் கேரளம் இதைச் செய்தது. அங்கே இதைத் தொடங்கியது எந்த அமைச்சரும் இல்லை; கோழிக்கோட்டின் ஒரு தையல் தொழிலாளி. விஜி என்பது அவர் பெயர். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து அவர் உருவாக்கிய ‘பெண்கூட்டு’ முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டதுதான் இருக்கை. சட்டம் வந்த அதே ஆண்டு பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. இங்கிலாந்தில் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1899-இல், கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று ஒரு சட்டம் வந்திருக்கிறது. கோழிக்கோட்டுக்கும் தியாகராய நகருக்கும் அந்த ஸ்டூல் வந்து சேர ஏறக்குறைய நூற்றிருபது வருடம் ஆனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பழைய ஜவுளிக்கடைகளில் நின்று வியாபாரம் பார்ப்பது வழக்கமே இல்லை. வெள்ளைத் துணி விரித்த மெத்தை அல்லது ஜமுக்காளம். கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், வாங்க வந்த குடும்பமும் சம்மணம் போட்டு உட்காரும், நடுவே சேலைகள் விசிறி விழும். திருமண ஜவுளி எடுக்கப் போனால் காபி வரும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கண்ணாடி கவுன்டரும் லிஃப்ட்டும் குளிர்சாதனமும் வந்தபோது மெத்தை சுருட்டப்பட்டது. விற்பவர் நிற்பதுதான் மரியாதை என்ற எண்ணம் அதற்குப் பின்னால் வந்தது. பழக்கமாகிப்போனதால் பரம்பரை வழக்கம்போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அக்கா அந்த மெத்தைக் காலத்தைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த கடை வேறு. உள்ளே வரும்போதே செல்போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய சங்கதி இல்லை. கூட்டம் வருவதே அன்றுதான். வேலைக்குச் சேர்ந்த நான்கைந்து வருடத்தில் தோழி ஒருத்தி, தங்கை நிச்சயதார்த்தத்துக்காக ஒரு ஞாயிறு லீவு கேட்டு மேனேஜர் முன்னால் தனியாகப் போய் நின்றாள். லீவு கிடைத்தது. திரும்பி வந்தபோது அவளைக் கோடவுனுக்கு மாற்றியிருந்தார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

2010-இல், ஜவுளிக்கடை ஊழியர்கள் படும் பாட்டைச் சொன்ன வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது ஊரிலிருந்து அம்மா பதறிப்போய் போன் செய்தார். “அங்க இப்படித்தான் இருக்குதா மக்கா?” என்ற கேள்விக்கு, “சினிமாம்மா அது” என்று பதில் சொல்லிவிட்டாராம். பிறகு ஹாஸ்டலில் தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று இப்போது அவருக்கே நினைவில்லை.

எது மாற்றியது என்று கேட்டால், சட்டத்துக்கு முன்னால் அவர் கொரோனாவைச் சொல்கிறார். 2020 மார்ச்சில் கடை அடைத்ததும் ஹாஸ்டல் காலியானது. மறுபடி திறந்தபோது கூப்பிட்டவர்களில் கணிசமானவர்கள் வரவில்லை. ஊரிலேயே ஒரு வேலை, கல்யாணம், டெய்லரிங், பக்கத்து டவுனில் சூப்பர் மார்க்கெட் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஆள் கிடைக்காமல் திண்டாடும்போதுதான் இருக்கிற ஆளின் அருமை தெரிகிறது. மெஸ்ஸில் முட்டை வந்தது. தாமதத்துக்குப் பிடித்தம் என்பது, தாமதமே இல்லாதவருக்கு மாதக் கடைசியில் ஊக்கத்தொகை என்று சட்டையை மாற்றிக்கொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பழைய தொகைதான் திசை மாறி வருகிறது. ஆனாலும் பிடுங்கிக்கொள்ளப்படுவதற்கும் கொடுக்கப்படுவதற்கும் மனசுக்குள் பெரிய வித்தியாசம் இருப்பதாக அக்கா சொல்கிறார்.

செல்போன் கதை அதைவிட விசித்திரம். வாசலில் பிடுங்கி வைத்த அதே கடை, 2020 தீபாவளிக்குப் பட்டு செக்‌ஷனுக்கு இரண்டு போன்களை வாங்கித் தந்தது. கடைக்கு வரப் பயந்த வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் வீடியோவில் சேலை காட்ட வேண்டும். முந்தானையை எந்த வெளிச்சத்தில் பிடித்தால் அரக்கு நிறம் அரக்காகவே தெரியும் என்பதில் அக்கா ஒரு மாதத்தில் வாத்தியாராகிவிட்டார். புதுப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் அதுதான்: குழல் விளக்குக்குக் கீழே காட்டாதே, ஜன்னல் பக்கம் வா, சேலையை நகர்த்து, போனை ஆட்டாதே.

இப்படி எல்லாம் இளகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஸ்டூல் வந்தது. அப்படியும் ஏன் யாரும் உட்காரவில்லை?

முதல் காரணம் கேமரா. தலைக்கு மேலே மூன்று. இரண்டாவது காரணத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட்டார்கள்: பக்கத்தில் நிற்பவர். நான் நிற்கும்போது நீ உட்கார்ந்தால், மடிக்க வேண்டிய சேலை என் தலையில் விழும். நிற்கிறவர்கள் உட்காருகிறவரைப் பார்க்கும் பார்வை சூப்பர்வைசரின் பார்வையைவிடக் கூர்மையானது. அக்காவே ஒரு புதுப் பெண்ணை அப்படிப் பார்த்திருக்கிறார். அதை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் பேச்சைச் சட்டென்று வேறு பக்கம் திருப்புகிறார்.

ஒருநாள் துணிந்து ஃப்ளோர் மேனேஜரிடம் கேட்டார். “சார், நீங்க ஒரு தடவை உட்காருங்க. பிறகு பிள்ளைங்க உட்காரும்.” மேனேஜர் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். “நான் உட்கார்ந்தா அண்ணாச்சி பார்ப்பாரும்மா.” பத்தாயிரம் ரூபாய்க்கு நிற்பவருக்கு இருந்த அதே பயம், அவரை நிறுத்திவைத்தவருக்கும் இருந்தது.

கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது அண்ணாச்சியின் மூட்டுவலியால். சரக்குப் பார்க்க மாடிக்கு வந்த முதலாளி, பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே தூணோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிடம் எழுந்திருக்கவில்லை. எதிரே கைகட்டி நின்ற மேனேஜரைப் பார்த்து, “என்னவே, ஸ்டூல் இருக்குல்லா?” என்றார். மேனேஜர் உட்கார்ந்தார். அன்று மதியமே நான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு கற்றுக்கொண்டவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் இவற்றை எந்தச் சட்டமும் எழுதித் தராது. தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தால் கவுன்டருக்குப் பின்னால் ஆளே தெரியாது. வாடிக்கையாளர் யாருமில்லை என்று அடுத்த செக்‌ஷனுக்குப் போய்விடுவார், பழி ஸ்டூல் மேல் விழும். உயரமான, கால்வைக்கக் கட்டை உள்ள ஸ்டூலாகக் கேட்டு வாங்கினார்கள். அதில் உட்கார்ந்தாலும் முகம் வாடிக்கையாளர் கண்ணுக்கு நேராக இருக்கும். எழுந்திருக்கவும் ஒரு நொடி போதும். கூட்டம் வடியும் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை மூன்று மூன்று பேராக, கால் மணி நேரம் முறை வைத்துக்கொண்டார்கள். முறையை ஸ்டாக் நோட்டின் பின்னட்டையில் எழுதி ஒட்டினார்கள். எழுதி ஒட்டிய பிறகுதான் பக்கத்து ஆளின் பார்வை தணிந்தது. உட்காருவது அவளுடைய சோம்பல் என்பது போய் அவளுடைய முறை என்றானது.

எதிர்பாராத எதிரி ஒருவர் இருந்தார்: கணவர். மனைவி பதினைந்தாவது சேலையைப் பிரிக்கச் சொல்லும்போது, காலியாக எந்த ஸ்டூல் இருந்தாலும் அதில் போய் உட்கார்ந்துவிடுவார். வாடிக்கையாளரை எழுப்ப முடியுமா? இப்போது காத்திருப்பவர்களுக்கென்று லிஃப்ட் பக்கம் தனியாக ஒரு சோபா போட்டிருக்கிறார்கள். ஸ்டூல் கேட்கப் போகிற எந்தக் கடை ஊழியரும் அதோடு சேர்த்து இதையும் கேட்டு வாங்க வேண்டும் என்கிறார் அக்கா, சிரிக்காமல்.

கேட்கும் விதத்தைப் பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. தனியாகப் போகக்கூடாது, கோடவுன் தோழி கற்றுத்தந்த பாடம் அது. ஐந்து பேராவது சேர்ந்து போக வேண்டும், அதில் ஒருவர் அதிகம் விற்பவராக இருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி வாரத்திலும் வாயைத் திறக்கக்கூடாது. சரக்கு வந்து கூட்டம் வராத நாட்களே உத்தமம். போகும்போது கையில் ஒரு நோட்டு வேண்டும். அவருடைய நோட்டு ஸ்கூல் பிள்ளைகளுடைய கோடு போட்ட நாற்பது பக்கம்தான். எந்தத் தேதி எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்த வார லீவு கிடைக்கவில்லை என்று அதில் இருக்கும். பொதுவாக நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம் என்று சட்டத்தில் இருப்பது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயதில்தான் தெரிந்தது. ஆனால் நோட்டு அதற்கு முன்பே இருந்தது.

புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் வற்புறுத்துவது இரண்டு. சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும், கவரில் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் நிற்கச் சொன்னால், வீட்டுக்கு எப்படிப் போவது என்று முதலில் கேள். 2019-இல் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கத் தமிழக அரசு அனுமதித்தபோதே, பெண்களை எட்டு மணிக்கு மேல் வைத்திருக்க எழுத்துப்பூர்வமான சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. அந்த வரி எத்தனை கடைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பது கடைக்குப் போகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

எல்லாம் நல்லபடியாக மாறிவிட்டது என்று அவர் சொல்வதில்லை. ஹாஸ்டலில் படுத்த பிறகு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நாளைய டார்கெட் வருகிறது. நீல டிக் விழுந்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். பதில் போடாவிட்டால் காலையில் கேள்வி. வாசலில் போனைப் பிடுங்கிய காலத்தில் இரவாவது தன்னுடையதாக இருந்தது என்று அவர் சொல்லும்போது மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

செக்‌ஷனில் இப்போது பாதிப்பேர் பிகார், ஒடிசா பக்கத்துப் பிள்ளைகள். அக்காவுக்கு இந்தி வராது. அவர் முதலில் கற்றுக்கொண்ட இந்திச் சொல், ‘பைட்டோ’. புதிதாக வந்த பையன் மதியம் மூன்று மணிக்கும் தூண்போல நின்றுகொண்டிருந்தால், ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளி, “பைட்டோ தம்பி” என்பார். அவன் முதலில் கேமராவைப் பார்ப்பான்.

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், நடக்க இடமில்லை என்று சொல்லி மேனேஜர் எல்லா ஸ்டூல்களையும் கோடவுனுக்கு ஏற்றிவிட்டார். கேட்பதற்குரிய நேரம் அது இல்லை என்பதால் அக்கா பேசாமல் இருந்தார். போனது பதினான்கு. தீபாவளி முடிந்து ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது பதினொன்று. தேதியும் எண்ணும் நோட்டில் இருக்கின்றன. கார்த்திகையில் கூட்டம் குறைந்ததும் ஐந்து பேராகப் போவதாக இருக்கிறார்கள்.