பெல்ஜியமா, பிரோசாபாத்தா?

பெங்களூரில் பழைய கண்ணாடிச் சாமான் விற்பவரிடம் பொருளின் பூர்வீகத்தைக் கேட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டு பேர் "பெல்ஜியம், மேடம்" என்பார்கள். சிவாஜி நகரில் ரசல் மார்க்கெட் பக்கம் ஒரு கடையிலும் அதேதான் சொன்னார்கள். தம்ளரைக் கவிழ்த்தேன். அடியில் ஆங்கில எழுத்தில் 'ஜெயின்' என்று அச்சாகியிருந்தது. "ஏன் பாய், பெல்ஜியத்துல ஜெயின் யாரு?" என்றேன். சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்தார்.

ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ், வளையலுக்குப் பேர்போன பிரோசாபாத்தில் இருந்த ஆலை. சூடு ஆறாத கண்ணாடிமேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால், மழை ரோட்டில் சிந்திய பெட்ரோல்போல வானவில் நிறம் ஏறும். சேகரிப்பவர்கள் இதைக் கார்னிவல் கிளாஸ் என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபென்டன் கம்பெனி பிரபலமாக்கிய சரக்கு. ஜெயின் ஆலையின் மீன் ஜாடியை (மீன் ஒன்று ஜாடியைச் சுற்றி வளைந்திருக்கும்) வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். இங்கேயோ அதன் சொந்த ஊரை மறைத்து விற்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இந்திய அச்சுக் கண்ணாடியைத்தான் சொல்வேன். ஒரு விலாயத்து டிகான்டர் விலையில் ஒரு தட்டு நிறையத் தம்ளர் வாங்கலாம். ஒன்று உடைந்தாலும் தூக்கம் போகாது. அடையாளம் பிடிப்பதும் சுலபம். என் பச்சைத் தம்ளரில் நகத்தை மெல்லச் சுற்றினால் மூன்று இடத்தில் இடறும்: அச்சின் மூன்று துண்டுகள் சேர்ந்த தையல் கோடுகள். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே அவை காணாமல் போகும். வாயை மறுபடி நெருப்பில் காட்டி வழவழப்பாக்கியதால் வந்தது. இந்த வகையிலேயே சுதேசிக் கதை வேண்டுமென்றால் புனே அருகே தளேகாவில் 1908இல் எழுந்த பைசா ஃபண்ட் கண்ணாடி ஆலை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பைசா வசூலித்த நிதியில் வந்தது.

கட் கிளாஸ் அடுத்த படி. கன்டோன்மென்ட் பங்களாக்கள் அடுக்குமாடிகளாக மாற மாற, அவற்றின் அலமாரிச் சாமான்கள் சந்தைக்கு வந்தன. பர்மிங்காமின் ஆஸ்லர் கம்பெனி 1840களிலேயே கல்கத்தாவில் கடை திறந்திருந்தது. விலாயத்துக் கண்ணாடி நம் நாட்டில் இவ்வளவு கிடப்பது தற்செயல் அல்ல. சோதனை விரல்நுனியில்தான். சக்கரத்தில் வெட்டிய முனை சுருக்கென்று இருக்கும். அச்சில் வார்த்தது மழுங்கி, சோப்புக்கட்டி ஓரம் மாதிரி இருக்கும். ஈயம் கலந்தது கையில் கனக்கும், பென்சிலால் தட்டினால் ரீங்காரம் நீளும்.

டிகான்டரென்றால் மூடியைப் பாருங்கள். பழைய காலத்தில் ஒவ்வொரு மூடியையும் அதன் குப்பிக்கென்றே தேய்த்துப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொடியாகக் கீறிவைப்பது உண்டு. நான் ஆசைப்பட்டு வாங்கியதில் மூடியில் 14, கழுத்தில் 9. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது இப்போது மூடியில்லாமல் பூ தாங்குகிறது. ஈயக் கண்ணாடியில் ஊறுகாய், ஒயின் எதையும் ஊற்றிவைக்காதீர்கள், ஈயம் இறங்கும்.

தொங்கும் ஹண்டி விளக்குகளைக் கடைசியாகத்தான் வைப்பேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்ததாகச் சொல்லி விற்கிறார்கள். அதில் சில உண்மையாகவும் இருக்கும். அந்தச் சரக்கை நேரில் பார்க்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கே போகலாம். சிவப்பு, நீலம் எதுவானாலும் வெட்டுப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். நிறக் கண்ணாடிப் பூச்சு உள்ளவற்றில் வெட்டின் ஓரத்தில் நிறத்தின் கனம் தெரியும், அடியில் வெள்ளைக் கண்ணாடி. பெயின்ட் அடித்தது நகத்தில் உரிந்து வரும். தங்கக் கோடு கைபடும் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. எங்கும் ஒரே சீராக மங்கியிருந்தால் யாரோ மங்கவைத்திருக்கிறார்கள்.

யுரேனியம் கண்ணாடி ஒரு தனிப் பைத்தியம். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை மஞ்சள்பச்சைக் கிண்ணத்தின்மேல் காட்டினால் பச்சையாக எரியும். பொஹீமியாவில் 1830களில் பரவியது. ஆனால் எரிவதெல்லாம் பழசு அல்ல, இன்றும் செய்கிறார்கள்.

எந்த வகையானாலும் அடிப்பாகத்தைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். பல வருஷம் மேசையில் இருந்ததற்கு, தரை தொடும் வளையத்தில் மட்டும் எல்லாத் திசையிலும் பொடிக்கீறல் இருக்கும். உப்புத்தாள் போட்டதில் கீறல்கள் ஒரே பக்கம் ஓடும். உள்ளே பால்போல மங்கல் இருந்து, தண்ணீர் ஊற்றியதும் தெளிந்தால் அது அழுக்கு அல்ல, கண்ணாடியே அரித்துப்போனது, கழுவினால் போகாது. ஆகவே ஈரமாக நீட்டும் சாமானைத் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருக்கும் மகளுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்தைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. "நூத்தம்பது வருஷத்துப் பீஸ்" என்று கடைக்காரர் எழுதித்தரும் ரசீது அப்போது உங்களுக்கே வினையாகும்.

சிக்பேட்டையில் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். பையில் ஒரு டார்ச், ஒரு லென்ஸ், ஒரு பழைய டர்க்கி டவல். பொட்டலம் கட்ட அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை நியூஸ்பேப்பர்தான்.