கடல் காக்கும் பொதுநிதி

வயலுக்கு உடையவன் உண்டு. அவன் வரப்பு உயர்த்துவான், எரு இடுவான், வேலியடைத்துக் காப்பான். கடலுக்கோ தனியுடையவன் இல்லை. எல்லார்க்கும் உரிய பொருளைப் பேணுதற்கு யாரும் முன்வாராமை உலகியல்பு. ஆதலின், கடலையும் கரையையும் காக்க வேண்டுமாயின், அதற்கெனப் பொதுநிதி ஒன்றும், அதனைப் பழுதின்றி நடத்தும் அவை ஒன்றும் இன்றியமையாதன. இவ்வுண்மையைச் செயலிற் காட்டிய சிறு நாடு சீஷெல்ஸ் ஆகும்.

இந்துமாக்கடலில், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரைக்கு அப்பால் அமைந்தது இந்நாடு. இதன்கண் உள்ள தீவுகள் 115. மக்கள் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். நிலப்பரப்பு 500 சதுர கிலோமீட்டரும் இல்லை. இதன் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்போ 13 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. சூரைமீன் பிடித்தலும், கடற்கரை காண வரும் வெளிநாட்டார் தரும் வருவாயும் அந்நாட்டாரின் வாழ்வுக்கு ஆதாரம். எனவே, கடல் கெட்டால் நாடே கெடும். 1998 ஆம் ஆண்டில் கடல்நீர் மிக வெப்பமுற்றமையால், அங்குள்ள பவளப்பாறைகளிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. பவளப்பாறை மீன்களுக்கு உறைவிடம். கரையை மோதும் அலைகளுக்குத் தடை. அது மடிந்ததனால் வந்த கேட்டினை மக்கள் நன்குணர்ந்தனர்.

உணர்ந்தும் என்ன? கருவூலத்திற் பொருள் இல்லை. 2008 ஆம் ஆண்டில் அந்நாடு வெளிநாட்டுக் கடனை உரிய காலத்திற் செலுத்த இயலாமல் இடர்ப்பட்டது. கடனிறுக்கவே போதாத பொருள் கடல் காக்க எவ்வாறு போதும்? அந்நிலையிற் புதியதொரு வழி பிறந்தது.

சீஷெல்ஸ் சில செல்வ நாடுகளுக்குச் செலுத்த வேண்டிய கடனில் 2 கோடியே 16 இலட்சம் டாலர் அளவான பகுதியைத் தீர்த்தற்கு 2015 ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. கடன் தந்தோர் சிறிது தள்ளுபடி செய்தனர். அமெரிக்காவிலுள்ள நேச்சர் கன்சர்வன்சி என்னும் அறநிறுவனம் 1 கோடியே 52 இலட்சம் டாலர் கடனாகவும், 50 இலட்சம் டாலர் நன்கொடையாகவும் கிடைக்கச் செய்து, பழைய கடனைத் தீர்க்க உதவியது. இனி அரசு பணம் செலுத்த வேண்டியது அயல் நாடுகளுக்கு அன்று. தன் நாட்டிலேயே சட்டத்தால் நிறுவப்பட்ட கடல்காப்பு அறக்கட்டளைக்கே ஆகும்.

அவ்வறக்கட்டளைக்கு வரும் பணம் மூவகையாகப் பிரியும். ஒரு பகுதி, உதவிய நிறுவனத்தின் கடனைத் திருப்பித் தரும். மற்றொரு பகுதி, ஆண்டுதோறும் கடல்காப்புப் பணிகளுக்கு உதவும். மூன்றாம் பகுதி மூலநிதியாகச் சேரும். மூலநிதியின் பெருமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரித்தற்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டிற் பொறித்தனர். ஆடுகள் சாகா என்பது அதன் பொருளன்று. பயனைக் கொண்டு விளக்கெரிப்பவன் ஆட்டின் தொகையைக் குறைத்தலாகாது என்பதே பொருள். மூலநிதியின் இலக்கணமும் அதுவே.

நிதியை ஆளும் அவையில் அரசின் சார்பினரோடு அரசைச் சாராதோர்க்கும் இடமுண்டு. விண்ணப்பங்கள் வெளிப்படையாகக் கேட்கப்பட்டு, தகுதி ஆய்ந்து பொருள் வழங்கப்படுகின்றது. கணக்கு, தணிக்கைக்கு உட்படுகின்றது. ஒருவர் விருப்பத்தாற் பொதுப்பொருள் சிதையாதிருத்தற்கு இவையே வேலி.

2018 ஆம் ஆண்டில் சீஷெல்ஸ், கடல்வளத்திற்கென்றே கடன்பத்திரம் வெளியிட்ட முதல் நாடு ஆயிற்று. பத்தாண்டுத் தவணையில் திரட்டிய 1 கோடியே 50 இலட்சம் டாலரில், 30 இலட்சம் அறக்கட்டளை வழியே நன்கொடைக்கும், எஞ்சிய 1 கோடியே 20 இலட்சம் நாட்டின் வளர்ச்சி வங்கி வழியே கடனுதவிக்கும் ஒதுக்கப்பட்டன. கடனாக வந்த பணம் திரும்பத் தரற்பாலது. ஆதலின், அதனைச் செலவிடுவோர் இருமடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இவ்வுதவிக்கு ஈடாக, அந்நாடு தன் கடற்பரப்பில் நூற்றுக்கு முப்பது பங்கைக் காப்பிடமாக்குவதாக வாக்களித்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதனை நிறைவேற்றியது. பேராமைகள் வாழும் அல்டாப்ரா தீவைச் சூழ்ந்த கடலும் அதில் அடங்கும். எல்லை வகுக்குமுன் மீனவர், அறிஞர், வணிகர் ஆகியோருடன் பன்முறை கலந்து பேசினர். ஒரு பகுதியில் மீன்பிடித்தல் அறவே கூடாது. மற்றொரு பகுதியில் அளவோடு தொழில் செய்யலாம் என வகுத்தனர். வலையொன்றே வாழ்வாகக் கொண்டவனைக் கேளாது கடலை அடைத்தல் அறமாகாது அன்றோ?

எனினும், பொருளால் முடியாதனவும் உள. படத்தில் வரைந்த எல்லை, அகன்ற கடலில் தானே காவல் புரியாது. அதற்குப் படகும் ஆளும் வேண்டும். உலகெங்கும் எழும் புகையால் வெப்பமுறும் கடலைச் சிறு நாட்டின் நிதி தனித்துக் குளிர்விக்கவும் இயலாது. ஆயினும், தன்னால் இயன்றதை அந்நாடு செய்துள்ளது. பொதுநிதியின் வலிமை அதன் பெருமையில் மட்டும் இல்லை. மூலம் குறையாமையிலும், கணக்கு மறையாமையிலும், பயன் உரியவரை அடைதலிலும் உள்ளது. இன்று பள்ளியிற் பயிலும் சிறுவரே நாளை இத்தகைய பொதுப்பொருளைக் காக்கும் பொறுப்பினர். இம்மூன்றையும் நெஞ்சிற் கொள்ளுதல் அவர் கடன்.