நின்றுபோன டிரெட்மில்லுக்கு ஒரு வேலை

புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு:

2020 ஊரடங்கில் ஜிம் மூடிக்கிடந்தபோது வாங்கியது, கல்யாணத்துக்கு முன் உடம்பு இளைக்க வாங்கியது, அப்பாவின் சர்க்கரைக்காக வாங்கியது என்று ஏதோ ஓர் இயந்திரம் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. சின்ன ஃபிளாட்டில் டிரெட்மில் ஒன்று அடைக்கும் இடம் கிட்டத்தட்ட ஒரு கட்டில் போடும் இடம். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை கட்டுகிறீர்கள். எப்படியும் அதன் மேல் சாமான் சேரத்தான் போகிறது. எது சேரலாம், எது கூடாது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

1. முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, அதில் இனி யாராவது ஏறுவார்களா என்று பேசுங்கள். இயந்திரம் ஓடுகிற நிலையில் இருந்து, உங்களுக்கு வேண்டாம் என்றால், டாக்டர் நடக்கச் சொல்லியும் தெருவில் இறங்கப் பயப்படும் பெரியவர் உங்கள் குடியிருப்பிலேயே இருக்கலாம். அவருக்குக் கொடுங்கள். அதைவிட நல்ல உபயோகம் நான் கீழே எழுதியிருக்கும் எதிலும் இல்லை. பழுதாகி யாருக்கும் ஆகாது என்றால், இரும்பைப் பழைய இரும்புக்கடை எடுத்துக்கொள்ளும். மோட்டாரையும் மின்பலகையையும் மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள்.

2. வைத்துக்கொள்வது என்றால் அதன் அசைவை முதலில் நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிக் கட்டுங்கள். பாதுகாப்புச் சாவியைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். எக்சர்சைஸ் சைக்கிளாக இருந்தால் பெடலைச் சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். சின்ன விரல்கள் நசுங்குவது அங்கேதான். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் ‘டிரெட் பிளஸ்’ டிரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் ஒரு குழந்தை அந்த இயந்திரத்தின் அடியில் இழுக்கப்பட்டு இறந்திருந்தது. மின்சாரம் இருக்கும்வரை அது இயந்திரம்தான், மேஜை அல்ல. மடித்து நிமிர்த்தும் மாடலில் நிமிர்த்திய நிலையில் எதையும் மாட்டாதீர்கள். பூட்டு நழுவினால் மொத்தப் பலகையும் கீழே வரும்.

3. பெட்டிகளை நேரே பெல்ட் மேல் அடுக்க வேண்டாம். மின்சாரம் இல்லாவிட்டாலும் பெல்ட் உருளைகளின் மேல் நகரக்கூடியது. சரிவாக நிற்கும் டிரெட்மில்லில் பெட்டி மெல்ல வழுக்கும். இரண்டு பக்கமும் கால் வைக்கும் விளிம்பு இருக்கிறதல்லவா, அதன் மேல் படிகிற அளவில் ஒரு பிளைவுட் பலகை வெட்டி வாங்குங்கள். பாரம் விளிம்பில் இறங்கும், பெல்ட் தேயாது. நாளைக்கே நடக்கத் தோன்றினால் பலகையை எடுத்துவிட்டால் போதும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடை பலகையில் நிற்கும் ஆளுக்கானது. கைப்பிடிக்கு அது பொருந்தாது.

4. துணி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடிக் கொடி பயன்படாது. ஈரத்துணி எல்லாம் கைப்பிடிக்கு வந்துவிடும். தயவுசெய்து வேண்டாம். சொட்டும் நீர் திரைக்குள்ளும் மோட்டார் மூடிக்குள்ளும் இறங்கும், இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துரு வெள்ளைச் சட்டையில் ஏறினால் போகவே போகாது. ஈரத்துக்கு மடக்கும் ஸ்டாண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கைப்பிடி உண்மையில் ஏற்றது ஒருமுறை மட்டும் உடுத்திய துணிகளுக்கு. துவைக்கப் போடவும் மனம் வராது, பீரோவில் நல்ல துணியோடு வைக்கவும் முடியாது. அவை நாற்காலிதோறும் கிடந்து, வீட்டில் தினமும் ஒரு சண்டைக்குக் காரணமாகின்றன. வலது கைப்பிடி ஒருவருக்கு, இடது மற்றவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு உருப்படிக்கு மேல் போகக் கூடாது. ஐந்தாவது வந்தால் பழையது ஒன்று துவைக்கப் போக வேண்டும். இரவு காற்றாடியில் உலர்ந்தால் வேர்வை வாடையும் தங்காது.

5. சைக்கிளில் ஒரே பக்கம் கனமான பையை மாட்டாதீர்கள், சாயும்.

6. டம்பெல்களைப் பரணில் ஏற்றாதீர்கள். கை தவறினால் தலை. அவற்றுக்கு நம் வீட்டில் நல்ல வேலை உண்டு. பங்குனி, சித்திரையில் மாடியில் வடாம் பிழிந்தால் வேட்டியின் நான்கு மூலைக்கும் செங்கல் தேடுவோம். அங்கே டம்பெல் வையுங்கள். ரப்பர் உறை போட்டதாக இருக்கட்டும், வெறும் இரும்பானால் பழந்துணியில் சுற்றி வையுங்கள். அறுகோணத் தலை உள்ளவை உருளாது. அவற்றைக் கீழ்த்தட்டில் புத்தகங்கள் சாயாமல் இருக்க முட்டாக வைக்கலாம்.

7. டம்பெல் ஸ்டாண்டு சமையலறைக்குப் போகட்டும். கனம் தாங்கச் செய்தது, நாலாபக்கமும் காற்று புகும். மூங்கில் கூடைகளை அதில் அமர்த்தி மேல் தட்டில் சின்ன வெங்காயமும் பூண்டும் வையுங்கள். உருளைக்கிழங்கை அதே ஸ்டாண்டில் வைக்காமல் வேறு இடத்தில், இருட்டாகப் பார்த்து வையுங்கள். வெங்காயத்தோடு சேர்ந்தால் சீக்கிரம் முளைவிடும்.

8. வாசல் நிலையில் முறுக்கிப் பொருத்தும் புல்-அப் கம்பி வெறும் அழுத்தத்தால் நிற்பது. இரண்டு செங்கல் சுவர்களுக்கு நடுவில் பொருத்தினால் சட்டை ஹேங்கர்களைத் தாங்கும். மாதம் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பட்டுப்புடவை அதில் வேண்டாம்.

9. யோகா மேட்டை அளவு பார்த்து வெட்டி அலமாரித் தட்டில் விரித்தால் எவர்சில்வர் டப்பா வழுக்காது. ரப்பர் பட்டைகளைக் கொண்டு கனமான எதையும் கட்ட வேண்டாம். நம் வெயிலில் அவை இற்று அறுந்துவிடும்.

10. ஏரோபிக்ஸ் செய்யும் அந்தத் தட்டைப் படிப்பெட்டி இருந்தால் கொலுவுக்கு அது முதல் படி. உடற்பயிற்சிப் பெஞ்சு இருந்தால் அதைச் சமமாக இறக்கி, பின்னைப் போட்டு இறுக்கி, படிப்பெட்டியின் பின்னால் வைத்தால் இன்னொரு படி. மேலே வேட்டி விரித்துவிட்டால் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. விஜயதசமி முடிந்து பொம்மைகளைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியபின், பரணுக்குப் பதிலாக டிரெட்மில் பலகையின் மேல் வையுங்கள். பரணில் ஏற்றி இறக்கும்போதுதான் மண்பொம்மைகளின் கை கால் உடைகிறது. எந்தப் பெட்டியில் தசாவதாரம், எதில் செட்டியார் பொம்மை என்று பக்கவாட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.