சேமநிதியும் நம் கடைச் சிப்பந்திகளும்

நம்மவர் கடைகளில் முற்காலத்தில் இருந்த வழக்கம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து சபர் வந்த சிப்பந்திக்குச் சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. கைச்செலவுக்குச் சிறிது பணம் கொடுப்பார்கள். மிச்சச் சம்பளம் முதலாளியின் பேரேட்டில் அவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வருஷம் கழித்து அவர் பயணம் புறப்படும்போது கணக்கு முடித்துத் தொகையைக் கையில் கொடுப்பார்கள். முதலாளி தாராளமானவராக இருந்தால் அதற்கு மேலும் ஒரு தொகை சேரும், பெட்டியில் துணிமணியும் சேரும். முதலாளி வேறு மாதிரியானவராக இருந்தால் சாப்பாட்டுச் செலவு, மருந்துச் செலவு என்று பற்றுப் பக்கம் நீண்டுகொண்டே போகும். எப்படியாயினும், முப்பது வருஷம் உழைத்தவரின் முதுமை ஒரு முதலாளியின் நல்ல மனத்தையும், அந்தக் கடையின் நல்ல காலத்தையும் மட்டுமே நம்பியிருந்தது. கடை முழுகினால் பேரேடும் அதனுடன் முழுகிற்று.

இந்த நிலைக்கு ஒரு மாற்றாகவே சேமநிதிச் சட்டம் வந்தது. மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கிற்று. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமுலுக்கு வந்தது. இரண்டிலும் ஆரம்பக் கணக்கு ஒன்றே: தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 5. இரண்டையும் சேர்த்து முதலாளியே மாதந்தோறும் கட்டிவிட வேண்டும். சிப்பந்தியின் பணம் முதலாளியின் கல்லாவிலிருந்து பிரிந்து, அவர் தொட முடியாத வேறோர் இடத்தில் தங்கத் தொடங்கிற்று. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான்.

பின்னர் பங்கு வீதம் படிப்படியாக ஏறிற்று. மலேசியாவில் 1996 முதல் முதலாளிக்கு 12, தொழிலாளிக்கு 11 என்றானது. 2012 முதல் 5,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவும் சம்பளம் பெறுவோருக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும். அதற்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 12. சிங்கப்பூரின் கதை வேறு விதம். அங்கே 1984இல் முதலாளிக்கு 25, தொழிலாளிக்கு 25 என்று சம்பளத்தில் பாதியளவுக்கு ஏறிவிட்டது. மறு வருஷம் பொருளாதாரம் சரிந்தது. 1986இல் முதலாளியின் பங்கை ஒரேயடியாக 10 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். 1999இல் மீண்டும் அதேபோல் 10க்கு இறங்கிற்று. இப்போது 55 வயது வரையிலுள்ளவர்களுக்கு முதலாளி 17, தொழிலாளி 20 என்ற கணக்கு நடக்கிறது. வியாபாரிகளுக்குத் தடுமாற்றம் வந்தபோது சிப்பந்தியின் முதுமைப் பணத்திலிருந்தே சலுகை தரப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அன்று அது கடைகளைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அந்த வருஷங்களில் சேராமற் போன பங்கு சேராமற் போனதுதான்.

இனி நம் கடைக் கணக்குக்கு வருவோம். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குடியுரிமையுள்ள ஒரு பணியாளருக்கு மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 ரிங்கிட். வருஷத்துக்கு 4,896. சம்பளம் ஒரு காசுகூட ஏறவில்லை, இலாப ஈவு சராசரியாக 5 விழுக்காடு என்று கொண்டாலும், 30 ஆண்டுகளில் இது 325,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். கட்டிய பணம் ஏறக்குறைய 147,000 மட்டுமே; மீதியெல்லாம் காலம் சேர்த்துக் கொடுத்தது. இதே பணியாளருக்கு முதலாளி முதல் பத்து வருஷம் கட்டாமலிருந்து பிறகு கட்டத் தொடங்கினால், இறுதித் தொகை 162,000 அளவில் நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு வருஷங்கள் தவறின; போனது பாதி. தொடக்க வருஷங்களின் பங்கே நெடுங்காலம் தங்கிப் பெருகுவது. “பையன் நிலைக்கட்டும், பிறகு பதியலாம்” என்று சொல்லும் முதலாளிமார் இந்தக் கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டத்தை முழுக்க மீறுவோர் நம்மில் அதிகம் இல்லை. அரைகுறையாக நிறைவேற்றுவோரே அதிகம். சம்பளச் சிட்டையில் ஒரு தொகை, கையில் கொடுப்பது வேறொரு தொகை என்பது ஒரு வழக்கம். போனஸ், கமிஷன், படிகள் ஆகியவற்றைச் சம்பளத்தோடு சேர்க்காமல் விடுவது இன்னொன்று. கூடுதல் நேர வேலைக்கான ஊதியத்துக்குப் பங்கு கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் போனஸும் கமிஷனும் சம்பளத்தைச் சேர்ந்தவையே. முதலாளியின் பங்கையும் சிப்பந்தியின் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்வது மூன்றாவது வழக்கம். சட்டம் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. தங்கை மகனும் மச்சான் மகனும் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அவர்களும் தொழிலாளரே. உறவு முறையைச் சொல்லி அவர்கள் பெயரை விட்டுவிட்டால், பின்னர் மனஸ்தாபம் உண்டாவது கடையில் மட்டுமல்ல, குடும்பத்திலும்தான்.

தண்டனையையும் தெரிந்துகொள்வது நல்லது. மலேசியாவில் பங்கு கட்டத் தவறும் முதலாளிக்கு மூன்று வருஷம் வரை சிறையோ, 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது அதைவிடக் கடுமையான குற்றம். ஆறு வருஷம், 20,000 ரிங்கிட் வரை போகும். கம்பெனியாகப் பதிந்திருந்தாலும் இயக்குநர்கள் தப்பிக்க முடியாது. பாக்கி அவர்கள் தலையிலும் விழும். பாக்கிக்காரர் நாட்டை விட்டு வெளியேறாமல் தடுக்கவும் அதிகாரம் உண்டு. ஊருக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டு விமான நிலையத்தில் நிறுத்தப்படுவது எத்தகைய தலைகுனிவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தில் தண்டனை இரண்டாம் பட்சமே. பிடித்த பணம் ஓர் அமானிதம். அதைக் கல்லாவில் புரட்டிச் சரக்கு வாங்குவதை வியாபாரச் சாமர்த்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வெளிநாட்டுச் சிப்பந்திகள் விஷயத்தில் அண்மையில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. மலேசியாவில் நெடுங்காலம் அவர்களுக்குச் சேமநிதி கட்டாயமாக இருக்கவில்லை. விரும்பிச் சேர்ந்தவருக்கு முதலாளி மாதம் 5 ரிங்கிட் கட்டினால் போதும் என்றிருந்தது. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு கட்டாயமாகிவிட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் விலக்கு. 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு இரு பக்கமும் 34 வீதம் மாதம் 68 ரிங்கிட். சிறு தொகைதான். வேலை முடிந்து நாடு திரும்பும்போது அவர் அதை எடுத்துக்கொள்ளலாம். நம் தாத்தாமார் ஊருக்குப் புறப்பட்டபோது பேரேட்டைப் பார்த்துக் கணக்கு முடித்தார்கள் அல்லவா? அதே கணக்கு இப்போது சேமநிதி வாரியத்தின் ஏட்டில் ஏறுகிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் வந்திருப்போருக்கு மத்திய சேமநிதி இல்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஆகவே அங்குள்ள நம் முதலாளிமார், ஊர்ச் சிப்பந்திக்குத் தாமாகவே மாதம் ஒரு தொகையை அவர் பெயரிலேயே வங்கியில் போட்டுவரும்படி ஏற்பாடு செய்தால் அது சட்டம் கேட்காத நன்மையாகும்.

சேமநிதி சேர்ந்தால் மட்டும் போதாது. அது முதுமை வரை இருக்கவும் வேண்டும். இன்றைய பெரிய சிக்கல் இங்கேதான். மலேசியாவில் 2020 முதல் 2022 வரை பெருந்தொற்றுக் காலத்தில் நான்கு விசேஷ ஏற்பாடுகளின் வழியாக மக்கள் சேமநிதியிலிருந்து எடுத்த பணம் 145 பில்லியன் ரிங்கிட். அடைத்துக் கிடந்த கடைகளின் சிப்பந்திகள் அன்று அரிசி வாங்கியது அந்தப் பணத்தில்தான். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் கணக்கு வெறுமையாகிவிட்டது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோரின் கணக்கை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கான செஜாத்ரா கணக்குக்கும் போகிறது. மீதி 10 விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக மாதந்தோறும் எடுத்துவிடுகிற சிப்பந்திகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர் முதலாளிதான்.

55 வயதானதும் மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்பது இன்னொரு கேள்வி. 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆயிற்று. சேமநிதிக் கதவோ 55இலேயே திறக்கிறது. மகள் கல்யாணம், வீட்டு மராமத்து, யாரோ சொன்ன வியாபாரத்தில் பங்கு என்று சில வருஷங்களில் பணம் கரைந்துவிடுவதை நாம் கண்ணால் காண்கிறோம். 240,000 ரிங்கிட் என்று நெடுநாள் பேசப்பட்ட அடிப்படைச் சேமிப்பை 20 வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000 ரிங்கிட்தான் வரும். ஒருவர் 75க்கு மேலும் வாழ்ந்தால்? சிங்கப்பூர் இதற்கு வேறு வழி கண்டது. 1987 முதல் ஒரு குறைந்தபட்சத் தொகையை நிறுத்தி வைத்தார்கள். 2009இல் ‘சிபிஎஃப் லைஃப்’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, உயிருள்ளவரை மாதந்தோறும் பணம் வரும்படி செய்தார்கள். என் பணத்தை என் கையில் தரவில்லையே என்று அங்கே முணுமுணுப்பு உண்டு. ஆயினும் எண்பது வயதிலும் மாதப் பணம் நிற்காமல் வருவது சிறிய காரியமல்ல. மலேசியாவிலும் புதிய உறுப்பினர்களுக்குச் சேமிப்பின் ஒரு பகுதியை மாதாமாதம் வழங்கும் யோசனை 2025இல் வெளியான 13ஆவது மலேசியத் திட்டத்தில் இடம்பெற்றது.

நியமனம் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் சேமநிதிக்கு நியமிக்கும் நபர் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். ஃபராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரே. “என் பெயர்தானே எழுதியிருக்கிறது” என்று ஒருவரே எடுத்துக்கொண்டு உடன்பிறந்தாரோடு பகையாகிற சம்பவங்கள் இந்த அறியாமையால் நேர்கின்றன. சிங்கப்பூரில் 2010இல் ஃபத்வாக் குழு நியமனத்தை ஹிபாவாகக் கொள்ள இடமளித்துத் தீர்ப்புக் கூறிற்று. ஆகவே இரு நாடுகளிலும் சொத்துள்ள நம்மவர்கள் ஒரு நாட்டின் முறையை மற்ற நாட்டுக்கும் பொருத்திப் பேசலாகாது. நியமனம் எழுதாமலே மௌத்தாகிவிட்டவரின் குடும்பம் பணத்தைப் பெற அலைவது தனிக் கதை. மலேசியாவில் 2017 முதல் ஷரீஆ முறைச் சேமிப்பையும் தேர்ந்துகொள்ளலாம். ஒருமுறை மாறினால் திரும்பி வர முடியாது. சாதாரணக் கணக்குக்குள்ள குறைந்தபட்ச 2.5 விழுக்காடு ஈவு என்ற உத்தரவாதமும் அதில் கிடையாது. 2024இல் இரண்டுக்கும் ஒரே அளவாக 6.30 விழுக்காடு ஈவு கிடைத்தது.

கடைசியாக, முதலாளிமாரைப் பற்றி. சிப்பந்திக்கு மாதந்தோறும் தவறாமல் கட்டுகிற எத்தனையோ சிறு வியாபாரிகள் தம் பெயரில் ஒரு காசும் வைத்திருப்பதில்லை. சொந்தப் பெயரில் கடை நடத்துபவரைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சிங்கப்பூரில்கூட வருஷ நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டிய சுயதொழிலாளர் கட்டாயமாகச் செலுத்துவது மருத்துவச் சேமிப்பு ஒன்றுக்குத்தான். “கடையே என் சேமிப்பு” என்பார்கள். பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். கடை வாடகை இடத்தில் நிற்கிறது. உரிமத்தை யாருக்கு மாற்றுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கடையைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது? முப்பது வருஷம் பரிமாறிய சிப்பந்திக்குக் கணக்கில் மூன்று இலட்சம் இருக்க, அவருக்குக் கட்டிய முதலாளி அறுபத்தெட்டாம் வயதிலும் விடியற்காலையில் கடை திறப்பதை நாம் பார்க்கிறோம். மலேசியாவில் நிலையான சம்பளமில்லாத சுயதொழிலாளர் 60 வயது வரை ‘இ-சாராஆன்’ ஏற்பாட்டில் சேரலாம். 2025 கணக்குப்படி அவர் போடுகிற தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருஷத்துக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துக் கொடுக்கிறது. வருஷம் 2,500 போட்டால் 500 முழுதாகக் கிடைக்கும். அதாவது நாளொன்றுக்கு ஏழு ரிங்கிட்டுக்கும் குறைவு. பதிவு செய்ய அடையாள அட்டை போதும். சிப்பந்திகளின் பங்கை மறு மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டும்போது, அதே நாளில் தம் பெயருக்கும் கட்டிவிட்டால் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.